சிறுவர்களுக்கு அறிவியல் எழுத வருகிறவர்களுக்கு

"திமிங்கலங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதலாமென்று இருக்கிறேன்" என்று யாராவது சொன்னால், திமிங்கலத்தில் எதைப் பற்றி என்று கேட்பேன். அதன் இதயம் ஒன்றே ஒரு புத்தகத்துக்குப் போதும். பத்து வயதுப் பிள்ளை கேட்கும் ஒரே கேள்விக்குள் உங்கள் பொருள் அடங்கட்டும்.

அடுத்தது சரிபார்ப்பு. என் வேலைநேரத்தில் பெரும்பகுதி இதற்கே போகிறது, போகத்தான் வேண்டும். நீலத் திமிங்கலத்தின் இதயம் கார் அளவு இருக்கும் என்று காலங்காலமாக எழுதிவருகிறார்கள். 2014இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கரை ஒதுங்கிய ஒரு திமிங்கலத்தின் இதயத்தை ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகம் பதப்படுத்தி வைத்தது. அதன் எடை ஏறத்தாழ 180 கிலோதான். பிள்ளைகள் அச்சில் வந்ததை அப்படியே நம்பி மறுநாள் வகுப்பில் சொல்வார்கள். அந்த நம்பிக்கையோடு விளையாட நமக்கு உரிமை கிடையாது. கையெழுத்துப் பிரதியில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே அது எங்கிருந்து வந்தது என்று குறித்துவையுங்கள். இன்னொரு சிறுவர் புத்தகத்தை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். ஆய்வாளருக்குக் கடிதம் எழுதுவதானால், முதலில் அவருடைய ஆய்வுக் கட்டுரையைப் படித்துவிட்டு, அதில் புரியாத ஒன்றை மட்டும் கேளுங்கள்.

எழுதும்போது, 180 கிலோ என்பதோடு நிறுத்தினால் பிள்ளைக்கு ஒன்றும் பிடிபடாது. வளர்ந்த மூன்று பேரைச் சேர்த்துத் தராசில் நிறுத்தினால் வரும் எடை என்று சொல்லுங்கள். 'பெருந்தமனி' போன்ற சொல்லைக் கண்டு பயந்து நீக்கிவிட வேண்டாம். இதயத்திலிருந்து ரத்தம் பாய்ந்து வெளியேறும் பெரிய குழாய் என்று ஒருமுறை காட்டிவிட்டு, பிறகு துணிந்து அந்தச் சொல்லையே பயன்படுத்துங்கள். டைனோசர்களின் பெயர்களைத் தடங்கலின்றி ஒப்பிக்கிறவர்கள் நம் வாசகர்கள்.

படப் புத்தகம் என்றால் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய அச்சுத்தாளை மடித்து வெட்டும்போது வரும் பக்கங்களின் கணக்கு அது. வெறும் தாள்களை மடித்து மாதிரி செய்து, வலப்பக்கத்தில் கேள்வியும் அதைத் திருப்பினால் பதிலும் வருமாறு அமைத்துப் பாருங்கள். பிறகு பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் கண் எங்கே அலைபாய்கிறதோ அந்தப் பத்தியை வெட்டுங்கள்.

வருமானத்தைப் பொறுத்தவரை, பதிப்பகம் முதலில் தரும் முன்பணம் கழிந்த பிறகே ராயல்டி, அதாவது விற்பனையில் எழுத்தாளருக்கான பங்கு, வரும். அதிலும் ஓவியருக்குப் பங்கு உண்டு. அது மட்டுமே குடும்பம் நடத்தப் போதாது என்பதால் சிறுவர் இதழ்களில் பத்தி, பள்ளிகளில் உரை என்று சேர்த்துக்கொள்கிறோம். கதை எழுதுவதற்கு முன்பயிற்சியாக நினைத்து இதற்குள் வராதீர்கள். இது முழு வாழ்நாளையும் கேட்கும் வேலை.

காப்புரிமையை மொத்தமாக விற்றுவிடாதீர்கள். மறுபதிப்பில் திருத்தும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். 2006இல் புளூட்டோ குறுங்கோளானபோது, ஒன்பது கோள்கள் என்று அச்சிட்ட புத்தகங்களுக்கெல்லாம் அந்தத் திருத்தம் தேவைப்பட்டது.