எம்எல்எம்மில் சேரும்போது நம்மவர்கள் செய்யும் தவறுகள்

எம்எல்எம், அதாவது ஆளுக்குக் கீழ் ஆள் சேர்த்து நடத்தும் பல அடுக்கு விற்பனையில் சேரும்போது, பெரும்பாலோர் கேள்வியையே தப்பாகக் கேட்கிறார்கள். "இது சட்டப்படி சரியான கம்பெனிதானே?" என்று கேட்க வேண்டியது, "ஆமாக்கா, ஏக்ராவில பதிவு பண்ணினது" என்று பதில் வந்ததும் கையெழுத்துப் போட வேண்டியது. ஏக்ரா என்பது சிங்கப்பூரில் நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பு. அதில் பதிவு இருந்தால் அப்படி ஒரு நிறுவனம் இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். அதன் வியாபார முறையைப் பார்த்து யாரும் நற்சான்று கொடுத்துவிடவில்லை.

சிங்கப்பூரில் இதற்கென்றே 1973 முதல் தடைச் சட்டம் இருக்கிறது. சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு நடந்தால்தான் நேரடி விற்பனைக்கு விலக்கு: சேருவதற்காகச் சரக்கு வாங்கச் சொல்லக்கூடாது, ஆள் சேர்த்ததற்காகப் பணம் தரக்கூடாது, வாங்கிய சரக்கைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளக் குறைந்தது 60 நாள் அவகாசம் இருக்க வேண்டும். மீறினால் 200,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இதில் பலருக்குத் தெரியாத விஷயம், திட்டத்தை நடத்துபவர் மட்டுமல்ல, அதில் பங்கெடுப்பவரும் சட்டத்தின் பிடிக்குள் வருகிறார். ஒன்காயின் என்ற மின்னாணயத் திட்டத்துக்கு இங்கே ஆள் திரட்டியதாக 2019ல் இரண்டு பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது.

சரி, சட்டப்படி சரியாகவே நடக்கும் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். காசு போவது அங்கேயும்தான், ஆனால் யாரும் ஏமாற்றிய மாதிரியே தெரியாது. சேரக் கட்டணம் இல்லை என்பார்கள், அது உண்மைதான். அப்புறம் கமிஷன் வர வேண்டுமானால் கம்பெனியில் உங்கள் ரேங்க் இறங்காமல் நிற்க வேண்டும், ரேங்க் நிற்க மாதாமாதம் இவ்வளவு வாங்க வேண்டும். மாதம் 250 வெள்ளிக்குச் சத்துமாவும் மாத்திரையும் வாங்குகிறீர்கள், 60 வெள்ளி கமிஷன் வருகிறது என்று வையுங்கள். அந்த 60 வெள்ளியை வருமானம் என்று நினைத்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போடுகிறோம். வருடக் கணக்குப் பார்த்தால் போனது 3,000, வந்தது 720. கூட்டத்துக்கு வாங்கிய டிக்கெட், கிராப் டாக்சிக் காசு, ஆள் பிடிக்க வாங்கிக் கொடுத்த தே தாரிக் எல்லாம் இதில் சேரவில்லை. கட்டிலுக்கு அடியில் அடுக்கிய டப்பாக்களைச் "ஸ்டாக்" என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அதை வாங்க வெளியாள் ஒருவரும் வரவில்லையென்றால் அந்தக் கடைக்கு நீங்கள் வியாபாரி இல்லை, வாடிக்கையாளர். கம்பெனியைப் பற்றி விசாரிப்பதைவிட, இதில் சேராத ஒருவர் இந்த விலைக்கு இதை வாங்குவாரா என்று கேட்டுப் பாருங்கள். முஸ்தஃபா கடையில் இதே மாதிரிப் பொருள் என்ன விலை என்று ஒரு நடை போய்ப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

"அஞ்சே அஞ்சு பேரைச் சேருங்கண்ணே, அவங்க ஆளுக்கு அஞ்சு பேர்" என்று வெள்ளைப்பலகையில் வட்டம் போடுவார்களே, அந்தக் கணக்கை அவர்கள் நிறுத்திய இடத்தில் நீங்களும் நிறுத்திவிடாதீர்கள். எட்டாவது அடுக்கில் 390,625 பேர் வேண்டும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே குடிமக்களும் நிரந்தரவாசிகளுமாக இருந்த இந்தியர்கள் மொத்தமே சுமார் 360,000 பேர்தான், அதில் கைக்குழந்தையும் அடக்கம். பத்தாவது அடுக்கில் 97 லட்சம் பேர் வேண்டும், மொத்தச் சிங்கப்பூரே அவ்வளவு இல்லை.

நம் வட்டம் எவ்வளவு சின்னது என்பதை யாரும் யோசிப்பதில்லை. கோவில், கல்யாணம், பிள்ளைகளின் தமிழ் வகுப்பு என்று எங்கே போனாலும் அதே முகங்கள்தான். தெரிந்தவர்களிடம் ஒரு சுற்றுப் பேசி முடித்ததும் அடுத்து யாரும் இருக்க மாட்டார்கள், போன் அடித்தால் எடுக்கவும் மாட்டார்கள். சித்தியிடம் விற்றதில் வந்த கமிஷன் எவ்வளவு, அதற்குப் பிறகு சித்தி வீட்டுப் படி ஏற முடிகிறதா, இந்தக் கணக்கை, உங்களைச் சேர்த்துவிட்ட எந்த அப்லைனும் போட்டுக் காட்டியதில்லை.

வொர்க் பெர்மிட்டில் இருக்கும் தம்பிகளுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். உங்கள் அனுமதி ஒரே முதலாளிக்கு, ஒரே வேலைக்கு. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் (லிட்டில் இந்தியா) "பார்ட் டைம்தான், யாருக்குத் தெரியப் போகுது" என்பவர், மனிதவள அமைச்சு பெர்மிட்டை ரத்து செய்யும்போது கூட வர மாட்டார்.

கடன் வாங்கிச் சேருவதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. உரிமம் பெற்று வட்டிக்குக் கடன் கொடுப்பவரே மாதம் 4 விழுக்காடு வரை வட்டி போடலாம். எந்தச் சத்துமாவும் அந்த வேகத்தில் விற்காது.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டீர்களா? வெளியே வரும்போது அப்லைனிடம் காப்பிக் கடையில் உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம் என்று நினைக்காதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் "இன்னும் ஒரு மாசம் பாருங்க" என்று சொல்லிச் சொல்லியே அந்த 60 நாளை ஓட்டிவிடுவார். பிரிக்காத டப்பாக்களையும் ரசீதுகளையும் எடுத்து வையுங்கள், பணம் திரும்ப வேண்டும் என்று கம்பெனிக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள், மாதாந்தரத் தானியங்கிக் கட்டணத்தை அன்றைக்கே வங்கியில் நிறுத்துங்கள். பதில் வரவில்லையென்றால் பயனீட்டாளர் சங்கத்திடம் போங்கள். ஆள் சேர்த்ததற்கே காசு கொடுக்கிறார்கள் என்றால் நேராகக் காவல்துறையிடம் சொல்லலாம்.