கதைமாந்தரின் பெயரை அழித்துவிட்டுப் படியுங்கள்

மலேசியாவின் பள்ளித் தேர்வான எஸ்.பி.எம்.மில் தமிழ் இலக்கியத் தாளுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பட்டர்வொர்த்தில் மாலை வகுப்பு நடத்துகிறேன். கதைப்பாத்திரத்தைப் பற்றி எழுதச் சொன்னால், பொறுமைசாலி, அன்பானவள், நேர்மையானவன் என்று குணங்களை அடுக்கிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். மதிப்பெண் கிடைத்துவிடலாம், பாத்திரம் பிடிபடுவதில்லை. அதனால்தான் தொல்படிமத்தை, அதாவது பல நாட்டுக் கதைகளிலும் திரும்பத் திரும்ப வரும் பாத்திர வடிவத்தை, வைத்துப் படிக்கும் முறையைச் சொல்லித்தருகிறேன். வீட்டில் நீங்களும் செய்து பார்க்கலாம்.

முதல் வேலை, பெயர்களை அழிப்பது. அகத்திணையில் எவருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியமே விதித்திருக்கிறது. தலைவன், தலைவி, தோழி, செவிலி, நற்றாய், பாங்கன் என்று இவர்களை வைத்தே சங்க அகப்பாட்டு நடக்கிறது. யார் யாருக்கு என்ன உறவு, இப்போது யார் பேசுகிறார் என்று தெரிந்தால் போதும், பாட்டு திறந்துகொள்ளும். எந்தக் கதையை எடுத்தாலும் இப்படி உறவையும் செயலையும் மட்டும் வைத்து ஐந்தாறு வரிகள் எழுதிக்கொள்ளுங்கள். குணச்சொல் ஒன்றுகூட வரக் கூடாது. ரஷ்ய நாட்டார் கதைகளை ஆராய்ந்த விளாதிமிர் புரோப் 1928இல் செய்ததும் ஏறக்குறைய இதுதான். யார் செய்தார் என்பதை ஒதுக்கி, என்ன செய்தார் என்று பார்த்து 31 செயல்களாக வகுத்தார்.

அடுத்து, அந்த வரிகளுக்குப் பக்கத்தில் வேறோர் இனத்தாரின் கதையை வையுங்கள். பினாங்கில் வளர்ந்த நமக்கு மலாய்க் கதைகள் சிறு வயதிலிருந்தே தெரியும்; இது பெரிய வசதி. நான் எடுத்துக்கொள்வது கண்ணகியையும் லங்காவித் தீவின் மஹ்சூரியையும்.

பெயரில்லாமல் எழுதினால் இரண்டும் இப்படித்தான் வரும்: குற்றமற்றவர்மீது பழி விழுகிறது. அதிகாரத்தில் இருப்பவர் தீர விசாரிக்காமல் கொல்லச் சொல்கிறார். காலங்கடந்து உண்மை வெளிப்படுகிறது. ஒரு பெண்ணின் சாபத்தால் ஊர் அழிகிறது. மதுரையில் உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்தது. லங்காவியில் கிரிஸ் என்ற மலாய்க் குத்துவாள் பாய்ந்த உடலிலிருந்து வெண்ணிறக் குருதி வடிந்தது.

பத்தினிப் படிமம் என்று பெயர் சூட்டிவிட்டு இங்கேயே நின்றுவிடாதீர்கள். சுவிட்சர்லாந்தின் உளவியல் அறிஞர் கார்ல் யுங் (1875–1961), மனத்துக்கு மரபாக வருவது வடிவம் மட்டுமே, உள்ளடக்கம் அல்ல என்றார். அந்த வடிவத்தை ஒவ்வொரு மண்ணும் எதைக் கொண்டு நிரப்பியது என்று பாருங்கள்.

கண்ணகியின் கதையில் பழி கணவன்மேல் விழுகிறது. அவள் உயிரோடு அரசவைக்குப் போய் வழக்குரைத்து வெல்கிறாள். பாண்டியன் அங்கேயே உயிர்விடுகிறான். பிறகு தீக்கடவுளுக்கு அவள் இடும் கட்டளையைக் கவனியுங்கள்: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிட்டுத் தீயவர் பக்கமே சேர்க. மஹ்சூரிக்கோ அவையே கிடைக்கவில்லை. பழியும் அவள்மேல், கத்தியும் அவள்மேல். "டீச்சர், அவளுடைய கணவன் எங்கே?" என்று ஒரு மாணவி கேட்டாள். போருக்குப் போயிருந்தான், அவளுக்காகப் பேச வேண்டியவன் ஊரில் இல்லை. அவளுடைய சாபம் ஏழு தலைமுறையைப் பிடித்தது, பிறக்காத பிள்ளைகள் உட்பட. பேச இடம் கிடைத்தவளின் சினம் ஆள் பார்த்து எரிக்கிறது. கிடைக்காதவளின் சினம் தீவு முழுவதையும் மூடுகிறது. நான் இப்படித்தான் படிக்கிறேன். 1821இல் சயாமியர் லங்காவி அடங்கிய கெடாவைத் தாக்கியதையும் அந்தச் சாபத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். அப்போது எரிந்த அரிசியைக் காட்டும் இடம் லங்காவியில் இன்றும் இருக்கிறது.

மூன்றாவது, நாயகனின் நிழலைத் தேடுங்கள். தன்னிடம் இருப்பதாக ஒருவர் ஒப்புக்கொள்ள மறுக்கும் பகுதியையே யுங் நிழல் என்றார். கதையில் அது பெரும்பாலும் நாயகனுக்கு நெருக்கமான ஆளாக வந்து நிற்கும். வில்லன் என்று முடிவுகட்டுமுன் கேளுங்கள்: நாயகன் செய்யத் துணியாத எதை இவன் செய்கிறான்? ஹங் துவா என்ற வீரனைப் பற்றிய மலாய்க் காவியமான ஹிக்காயாட் ஹங் துவாவில், அவதூறை நம்பிய சுல்தான் துவாவைக் கொல்லச் சொல்கிறார். முதலமைச்சரான பெண்டஹாரா அவனை ஒளித்துவைக்கிறார். நண்பன் மாண்டான் என்றே நினைத்த ஜெபாட், சுல்தானை எதிர்த்து அரண்மனையைப் பிடிக்கிறான். திரும்பி வந்த துவா, சுல்தானுக்காக அதே நண்பனைக் கொல்கிறான். துவாவுக்கு வந்திருக்க வேண்டிய கோபம் முழுவதும் ஜெபாட்டிடம் இருக்கிறது. கம்பனின் கும்பகருணனுக்கு இப்படித் தனி நிழல் தேவைப்படவில்லை. அண்ணன் செய்தது தவறு என்று முகத்துக்கு நேரே சொல்கிறான், அந்த அண்ணனுக்காகவே போருக்கும் போகிறான். எனக்கு மிகப் பிடித்த பாத்திரம் அவன்.

தந்திரக்காரன் இன்னொரு தொல்படிமம். அவனை அறிய ஒரே சோதனை போதும்: ஏமாற்றுபவர் எளியவரா, ஏமாறுபவர் வலியவரா? எண்ணிக்கை எடுப்பதாகச் சொல்லி முதலைகளை வரிசையாக நிறுத்தி, அவற்றின் முதுகில் தாவி ஆற்றைக் கடக்கும் மலாய்க் கதைச் சருகுமான் சாங் கஞ்சில் அந்த வகை. சகுனி அந்த வகை அல்லன்.

பயிற்சிக்குச் சி தங்காங் என்ற மலாய்க் கதையையும் கர்ணன் கதையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில், செல்வனாகிவிட்ட மகன் ஏழைத் தாயைத் தெரியாது என்கிறான். மற்றதில், தாய் மகனை ஆற்றில் விடுகிறாள். தங்காங்கின் கதையில் தாய் சபிக்கிறாள், மகன் கல்லாகிறான். கர்ணனுக்கும் சபிக்கக் காரணம் இருந்தது. அவனோ, போருக்கு முன் தேடிவந்த குந்தியிடம் அர்ச்சுனனைத் தவிர மற்ற நால்வரையும் கொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்து அனுப்புகிறான். ஏன் கொடுத்தான் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். கொடைவள்ளல் என்று மட்டும் தொடங்க வேண்டாம்.