சாட்பாட் கடைசியில் வரட்டும்: அரசு இணையச் சேவையைச் சீரமைக்க ஏஐயைப் பயன்படுத்துவது எப்படி

அரசு இணையச் சேவையில் ஏஐ சேர்க்கலாம் என்று பேச்சு வந்தாலே, பக்கத்தின் ஓரத்தில் ஒரு சாட்பாட் (கேள்விக்குத் தானே பதில் சொல்லும் உரையாடல் மென்பொருள்) வைக்கலாம் என்பதுதான் முதலில் வரும் யோசனை. அதைத் தள்ளிப் போடுங்கள். படிவமே குழப்பமாக இருக்கும்போது, அந்தக் குழப்பத்தை விளக்க ஒரு பொம்மையை உட்கார வைத்து யாருக்கு லாபம்? படிவத்தைத் திருத்துங்கள், ஏஐ நிஜமாகக் கைகொடுப்பது அந்த வேலையில்தான்.

புகார்களிலிருந்து ஆரம்பியுங்கள். உதவி மையத்தின் அழைப்புக் குறிப்புகள், மின்னஞ்சல்கள், விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும்போது அலுவலர் எழுதிய காரணங்கள் என்று ஆறு மாதத்துக்கானதைத் திரட்டி, பெயர், கைபேசி எண், அடையாள எண் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, உங்கள் துறை அனுமதித்த கருவியில் மட்டும் கொடுங்கள் (இலவசமாகக் கிடைக்கிறதே என்று கண்ட இடத்தில் ஒட்டாதீர்கள்). "மக்கள் எந்தக் கட்டத்தில் சிக்கினார்கள் என்று வகைப்படுத்து, ஒவ்வொரு வகைக்கும் ஐந்து மூல வரிகளை அப்படியே காட்டு" என்று கேளுங்கள். அப்புறம் நூறு புகார்களை எடுத்து இரண்டு பேர் கையாலேயே வகைப்படுத்தி, ஏஐ சொன்னதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதைச் செய்யாமல் வருகிற அழகான வரைபடத்தை நான் நம்ப மாட்டேன். இன்னொன்று, புகார் செய்யத் தெம்பு இருப்பவர்கள்தான் புகார் செய்கிறார்கள், பாதியிலேயே மூடிவிட்டுப் போனவர்கள் அதில் இருக்க மாட்டார்கள், எந்தப் பக்கத்தில் ஆட்கள் கழன்றுகொள்கிறார்கள் என்ற கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, படிவத்தின் கேள்விகளையும் அதற்குரிய அரசாணையையும் சேர்த்துக் கொடுத்து, "இந்தக் கேள்வி எந்த விதிக்காக? எடுத்துவிட்டால் எந்த முடிவு மாறும்?" என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். பதில் இல்லாத கேள்விகள் எல்லாம் வெட்டத் தகுந்தவை. ஆனால் இல்லாத விதி எண்ணையும் அது கூசாமல் சொல்லும், மூல ஆணையைத் திறந்து பார்த்துத்தான் வெட்ட வேண்டும். எஸ்தோனியாவில் 2001 முதல் எக்ஸ்-ரோடு என்ற இணைப்பு வழியாகத் துறைகள் தகவலைத் தங்களுக்குள் பெற்றுக்கொள்கின்றன, அரசிடம் ஏற்கெனவே இருப்பதைக் குடிமகனிடம் திரும்பக் கேட்பது அதனால் குறைந்தது. ஏஐக்கு அதில் பங்கே இல்லை. உங்கள் சிக்கலுக்கும் பல நேரம் தீர்வு அப்படித்தான் இருக்கும்.

மொழியைத் திருத்த ஏஐ நல்ல துணை, ஆனால் கவனம் வேண்டும். "வசிப்பிடச் சான்றானது விண்ணப்பிக்கும் நாளுக்கு மூன்று மாதங்களுக்கு முற்படாததாக இருத்தல் வேண்டும்" என்பதை எளிமையாக்கச் சொன்னால், "சமீபத்திய முகவரிச் சான்றைப் பதிவேற்றுங்கள்" என்று எழுதிவிடலாம். படிக்கச் சுகமாக இருக்கிறது, மூன்று மாதக் கணக்கு காணாமல் போய்விட்டது. "முகவரிச் சான்றைப் பதிவேற்றுங்கள், அது கடந்த 3 மாதங்களுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும்" என்பதுதான் சரி. பிழைச் செய்திகளையும் இப்படியே ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

திருத்திய படிவத்தின் மாதிரியை ஏஐ வைத்து ஒரே நாளில் உருவாக்கிவிடலாம். சோதனைக்கு மட்டும் நிஜ ஆட்கள் வேண்டும். "நீ எழுபது வயதுப் பெரியவர், இந்தப் படிவத்தை நிரப்பு" என்று ஏஐயிடம் சொன்னால் அது பொறுமையாக நிரப்பி முடித்துவிடும், அதற்கு ஓடிபி வராமல் போகாது, கண்ணாடி தேட வேண்டியதில்லை. ஐந்து பேரை உட்காரவைத்து, வாயைத் திறக்காமல் பாருங்கள். திரைவாசிப்பான் (திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) பயன்படுத்துபவர் ஒருவராவது அதில் இருக்கட்டும்.

யாருக்கு உதவித்தொகை, யாருக்கு இல்லை என்ற முடிவை ஏஐயிடம் விடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் உதவித்தொகையைக் கூடுதலாகப் பெற்றவர்களிடம் திரும்ப வசூலிக்க வந்த ரோபோடெட் திட்டம் ஆண்டு வருமானத்தை இருவாரங்களுக்குச் சராசரியாகப் பிரித்துப் போட்டே இல்லாத கடனை ஏராளமானவர்கள் தலையில் கட்டியது, அது ஏஐ கூட இல்லை, வெறும் வகுத்தல் கணக்கு. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்ற பல்லாயிரம் குடும்பங்களை மோசடிக்காரர்கள் என்று தவறாக முத்திரை குத்திய விவகாரத்தில், சந்தேக மதிப்பெண் போட்ட மென்பொருளுக்கும் பங்கு இருந்தது. 2021 ஜனவரியில் அரசே பதவி விலகியது. தகுதி விதிகளைச் சாதாரண நிரலாக எழுதுங்கள். ஆவணத்திலிருந்து தேதி, தொகை எடுக்க ஏஐ போதும், அதையும் விண்ணப்பதாரரிடம் காட்டிச் சரிதானா என்று கேட்டுவிடுங்கள். நிராகரித்தால் காரணமும், மேல்முறையீடு செய்ய ஒரு மனிதரும் இருந்தாக வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் சாட்பாட் வேண்டுமென்றால், சரி. நியூயார்க் நகரம் 2023இல் வணிகர்களுக்காகத் தொடங்கிய சாட்பாட், ஊழியர்களின் டிப்ஸில் முதலாளி பங்கு எடுக்கலாம் என்று சட்டத்துக்கு எதிராகவே சொன்னது 2024இல் செய்தியானது. அதனால் ஒப்புதல் பெற்ற பக்கங்களிலிருந்து மட்டும் பதில் சொல்ல வையுங்கள், பதிலோடு அந்தப் பக்கத்தின் இணைப்பையும் தரட்டும், தெரியாவிட்டால் ஆளிடம் மாற்றிவிடட்டும். முதலில் வகைப்படுத்திய புகார்களிலிருந்தே இருநூறு கேள்விகளை எடுத்து, துறை ஒப்புக்கொண்ட பதிலை ஒவ்வொன்றுக்கும் எழுதி வைத்து, ஏஐ மாடலோ விதியோ மாறும் ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பாருங்கள். பணம், கெடு, தகுதி பற்றிய கேள்வியில் ஒன்று தவறினாலும் அன்றைக்கு வெளியிடாதீர்கள்.