ஹவானா சுருட்டு அறை: முதல் தடவை போகிறவர்கள் சொதப்பும் இடங்கள்

ஹவானாவில் உட்கார்ந்து சுருட்டு புகைப்பதற்கான நல்ல அறைகள் தெருவோரம் நின்று ஆள் கூப்பிடுவதில்லை. மெர்காதேரெஸ் தெருவிலுள்ள வில்லானுவேவா விடுதியில் இருப்பதுபோல, பழைய கட்டடத்துக்குள் சுருட்டுக் கடையை ஒட்டிச் சில நாற்காலிகளோடு இருக்கும். 'லா காசா டெல் ஹபானோ' என்று பெயர் போட்டிருப்பது கியூபச் சுருட்டுகளை விற்கும் ஹபானோஸ் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற கடை. அதைத் தேடிப் போகும் வழியிலேயே ஒருவர் மறிப்பார். இன்று கூட்டுறவுத் தள்ளுபடி நாள், என் மாமாவுக்குத் தொழிற்சாலையில்தான் வேலை என்பார். அப்படி ஒரு நாளே கிடையாது. அவர் காட்டுகிற கோயிபா (பேர்போன கியூபச் சுருட்டு வகை) பெட்டிக்குக் கண்ணாடி மூடி இருந்தால் பேச்சையே வளர்க்காதீர்கள், அது போலி. அசல் பெட்டியில் பச்சை-வெள்ளை உத்தரவாத முத்திரையும் அதில் ஹாலோகிராமும் இருக்கும். அடியில் 'எச்சோ என் கூபா' (கியூபாவில் செய்தது) என்ற சூட்டு முத்திரை, தொழிற்சாலைக் குறியீடு, பெட்டியில் அடைத்த மாதம், ஆண்டு.

எடுத்த எடுப்பில் ரோபஸ்டோ என்கிற தடித்த சுருட்டு வேண்டாம். அது 50 ரிங் கேஜ் (சுருட்டின் தடிமன் அளவு), அதாவது கிட்டத்தட்ட 20 மி.மீ. தடிமன், முடிக்க ஒரு மணி நேரம் பிடிக்கும். மான்டெகிறிஸ்டோ நெ. 4 போதும்: 42 ரிங், 129 மி.மீ. நீளம். அதையும் காலி வயிற்றில் தொடாதீர்கள். புகையை உள்ளிழுக்காவிட்டாலும் நிகோடின் வாய் வழியே ஏறும், வியர்க்கும், குமட்டும். கீழே வைத்துவிட்டு சர்க்கரை போட்டு ஏதாவது குடித்தால் கொஞ்சம் தெளியும். (உள்ளிழுக்கவில்லை என்பதால் புற்றுநோய் ஆபத்து போய்விடாது.)

அதிகம் பாழாவது வெட்டும்போதுதான். வாயில் வைக்கும் தலைப்பக்கம் தொப்பிபோல ஒட்டியிருக்கும் இலைத்துண்டுதான், சுருட்டைச் சுற்றியிருக்கும் மேலிலையைப் பிடித்து வைத்திருக்கிறது. 2 மி.மீ. வெட்டினால் போதும். தொப்பியின் விளிம்பைத் தாண்டிவிட்டால் பாதியில் மேலிலை பிரிந்து தொங்கும். கை பழகாதவர்கள் கடைக்காரரிடமே கொடுத்துவிடலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

பெட்ரோல் லைட்டரின் வாடை சுருட்டில் ஏறிக்கொள்ளும். பியூட்டேன் வாயு லைட்டரோ, பற்றவைக்கும் மெல்லிய செடார் மரச்சீவலோ கேளுங்கள். சுடர் தொடாமல், அதற்குச் சற்று மேலே சுருட்டைச் சாய்த்துச் சுழற்றி, நுனி முழுக்கக் கனன்ற பிறகுதான் இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் ஒரு பக்கம் மட்டும் எரிந்துகொண்டே போகும். அப்புறம் நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. சிகரெட் பழக்கக்காரர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்: விடாமல் இழுப்பார்கள், சூடேறிக் கசக்கும், பழியைச் சுருட்டின் மேல் போடுவார்கள். முடிந்ததும் நசுக்காதீர்கள், சின்ன அறை முழுக்க நாறிப்போகும். தட்டில் வைத்தால் தானே அணைந்துவிடும்.

பணம் கட்டுமிடத்தில் அமெரிக்க வங்கி அட்டைகள் செல்லாது. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கியூபாவை விட்டுக் கிளம்பும்போது உதிரியாக 20 வரைக்கும், ஹாலோகிராம் முத்திரையோடு பிரிக்காத பெட்டி என்றால் 50 வரைக்கும் ரசீது தேவையில்லை. அதற்கு மேல் கட்டாயம். இந்தியாவுக்குள் வரியில்லாமல் 25 சுருட்டு கொண்டுவரலாம். சிங்கப்பூரில் ஒன்றுக்குக்கூட விலக்கில்லை, சுங்கத்தில் சொல்லி வரி கட்ட வேண்டும். அமெரிக்கா வழியாகத் திரும்புகிறவர்கள் கியூபாவிலேயே புகைத்து முடித்துவிடுவது நல்லது. 2020 செப்டம்பர் முதல் கியூபச் சுருட்டைச் சொந்த உபயோகத்துக்குக்கூட அமெரிக்காவுக்குள் கொண்டுபோக முடியாது.