நியூ ஜெர்சியில் ஐ.இ.பி.: டீச்சரிடம் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள்

வீட்டு முகவரிச் சான்று, பிறப்புச் சான்று, தடுப்பூசி விவரம் இருந்தால் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெரிய வேலையில்லை. ஆட்டிசமோ பேச்சுத் தாமதமோ இருந்தால், ஐடிஇஏ என்ற மத்தியச் சட்டப்படி 3 வயதிலிருந்தே சிறப்புக் கல்வி இலவசம். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்4 விசாவில் வந்த பிள்ளைக்கும் அதே உரிமைதான். பள்ளியின் சைல்ட் ஸ்டடி டீம் என்ற நிபுணர் குழு மதிப்பீடு செய்யும். தகுதி உண்டென்றால் ஐ.இ.பி., அதாவது அந்தப் பிள்ளைக்கென்றே தனிக் கல்வித் திட்டம், எழுதுவார்கள்: இந்த ஆண்டு இலக்கு என்ன, ஸ்பீச் தெரபி எத்தனை நிமிடம், எந்த வகுப்பு என்பதெல்லாம் அதில் வரும். சென்னையில் எடுத்த ரிப்போர்ட்டையும் கொடுங்கள், உதவும். ஆனால் அதை மட்டும் வைத்து எதுவும் தொடங்காது.

என் தோழி குடும்பம் மாட்டிக்கொண்டது இதற்கெல்லாம் முன்னால். அவள் மகன் தமிழிலேயே தாமதமாகத்தான் பேசினான். கிண்டர்கார்டனில் சேர்த்ததும் டீச்சரிடம் சொன்னாள். "வீட்டில் வேறு மொழிதானே, ஆங்கிலம் பழகினால் சரியாகிவிடும், கொஞ்சம் பொறுப்போம்" என்றார். நம் ஊரில் டீச்சர் சொன்னால் மறுபேச்சு ஏது? ஒரு கல்வியாண்டு போய்விட்டது. பிறகு போய்க் கேட்டால், மதிப்பீடு கோரி உங்களிடமிருந்து கடிதமே வரவில்லையே என்கிறார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பேச்சு வர வேண்டிய வயதில் போன ஓராண்டை யார் திருப்பித் தருவார்கள்?

எழுதிக் கொடுத்தால்தான் இங்கே நாள் கணக்கு ஓடும். கடிதம் கிடைத்து 20 நாட்களுக்குள், பள்ளி விடுமுறைகள் நீங்கலாக, உங்களைக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். ஆனால் கோடை விடுமுறை நாட்கள் மட்டும் கணக்கில் சேரும், அதனால் ஜூன் மாதம் என்று தள்ளிப்போடாதீர்கள். மதிப்பீட்டுக்கு நீங்கள் சம்மதம் தந்ததிலிருந்து 90 நாட்களுக்குள் ஐ.இ.பி. நடைமுறைக்கு வர வேண்டும். சிறப்புக் கல்விப் பொறுப்பாளருக்குத் தேதி போட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். பிள்ளை தமிழிலும் தாமதம் என்பதைத் தெளிவாக எழுதுங்கள்: எந்த வயதில் முதல் சொல், தமிழில் கேட்டால் பதில் சொல்கிறானா, பாட்டிக்கு அவன் பேச்சு புரிகிறதா. முடிந்தவரை பிள்ளையின் மொழியிலேயே சோதிக்க வேண்டும் என்பது சட்டம். ஆங்கிலம் கற்கும் வகுப்பும் சிறப்புக் கல்வியும் சேர்ந்தே கிடைக்கும், ஒன்று முடியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

வீட்டில் தமிழை நிறுத்துங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. தோழியின் மகன் இப்போது வீடியோ காலில் "அம்மாச்சி, சாப்ட்டியா?" என்கிறான். அதை ஏன் விட வேண்டும்?

கூட்டத்தில் எதிரே நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள், பேச்சு வேகமாகப் போகும். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள், செலவு பள்ளியுடையது. முதல் ஐ.இ.பி. உங்கள் கையெழுத்து இல்லாமல் தொடங்காது, ஆகவே அங்கேயே போட்டுவிடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படியுங்கள். அடுத்த ஆண்டுகளில் இது மாறும்: திருத்திய ஐ.இ.பி. கைக்கு வந்து 15 நாட்களுக்குள் நீங்கள் முறைப்படி மத்தியஸ்தமோ விசாரணையோ கோராவிட்டால், அது தானாகவே அமலுக்கு வந்துவிடும். சந்தேகம் இருந்தால் ஸ்பான் என்ற பெற்றோர் அமைப்பை அழையுங்கள், இலவசமாகவே உதவுவார்கள்.