இரட்டையர் இறகுப்பந்தைத் தொழிலாக எடுத்துக்கொள்வது எப்படி: வடசென்னைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பும் பல தெருக்களில், மாலை வெயில் இறங்கியதும் இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே கயிறு கட்டிப் பிள்ளைகள் ஷட்டில் ஆடுவதைப் பார்க்கலாம். பெரும்பாலும் அவர்கள் இருவர் இருவராகத்தான் ஆடுவார்கள். ஷட்டில் ஒன்று, மட்டை இரவல், முறைக்குக் காத்திருப்போர் ஐந்தாறு பேர் என்று இருக்கும் இடத்தில் ஒற்றையர் ஆட்டம் ஆடம்பரம். இப்படி இரட்டையரிலேயே கை பழகிய பிள்ளையை, அகாடமியில் சேர்த்த முதல் நாளே ஒற்றையர் ஆட்டக்காரராக மாற்றிவிடுகிறோம். பதினெட்டு வயதாகியும் மாநிலப் போட்டியில் காலிறுதியைத் தாண்டவில்லை என்ற நிலை வந்த பிறகுதான், ஆறுதல் சொல்வதுபோல, "சரி, இனிமேல் டபுள்ஸ் ஆடு" என்கிறோம். அதற்குள் இரட்டையருக்கு வேண்டிய நான்கைந்து ஆண்டுப் பயிற்சி கைநழுவிப் போயிருக்கும். இரட்டையர் ஆட்டத்தை முதலிலேயே தெரிந்து தேர்ந்தெடுக்க விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன்.

பதினைந்து வயது வரை இரண்டையும் ஆடட்டும். ஒற்றையர் தரும் கால் ஓட்டமும் மூச்சும் பின்னாளில் வீண்போகாது. பதினாறு, பதினேழு வயதில் முடிவெடுத்துவிட வேண்டும். அந்த முடிவுக்கு உயரத்தையும் ஸ்மாஷின் (மேலிருந்து ஓங்கி இறக்கும் அடியின்) வேகத்தையும் மட்டும் பார்க்காதீர்கள். மார்புக்கு நேராக வேகமாக வரும் ஷட்டிலைக் கண் இமைக்காமல் திருப்புகிறதா, தோற்ற புள்ளிக்குக் கூட்டாளியை முறைக்கிறதா, முன்வலையில், அதாவது வலையை ஒட்டிய முன்பகுதியில், நிற்கப் பிடிக்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள். முறைக்கும் பழக்கம் திருந்தக்கூடியதுதான். ஆனால் முன்வலை பிடிக்காத பிள்ளையை இரட்டையருக்கு இழுத்துவருவது இருவருக்கும் துன்பம்.

களத்தின் அளவு சொல்லும் பாடம்

இரட்டையர் களத்தின் நீளம் 13.4 மீட்டர், அகலம் 6.1 மீட்டர். ஒற்றையருக்கு அகலம் 5.18 மீட்டர்தான். இந்த வேறுபாடு எல்லோருக்கும் தெரியும். சர்வீஸ் விழ வேண்டிய கட்டத்தின் பின்கோடு, இரட்டையரில் களத்தின் கடைசிக் கோட்டிலிருந்து 76 சென்டிமீட்டர் உள்ளே தள்ளியிருக்கிறது என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ஒற்றையரில் உயர்த்திப் பின்னால் போடும் சர்வீஸை இங்கே போட்டால், எதிராளி அதிகம் பின்வாங்க வேண்டியதில்லாமல் ஓங்கி அடித்துவிடுவார். ஆகவே இரட்டையரில் சர்வீஸ் என்றால் பெரும்பாலும், வலையிலிருந்து 1.98 மீட்டர் தள்ளியிருக்கும் முன்கோட்டை ஒட்டி விழும் தாழ்வான சர்வீஸ்தான். மட்டை தொடும் கணத்தில் ஷட்டில் முழுவதும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது 2018 முதல் நடைமுறையில் உள்ள விதி. உயரமான பிள்ளைகள் இதனால் முழங்காலை மடித்து நின்று பழக வேண்டும். சர்வீஸ் போடும்போது ஷட்டிலை விரலால் சுழற்றி விடும் தந்திரம் 2023இல் தடைசெய்யப்பட்டுவிட்டது. பழைய காணொளிகளைப் பார்த்து அதைக் கற்றுக்கொண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சர்வீஸைப் பழக ஒரு நூல் போதும். வலையின் நடு உயரம் 1.524 மீட்டர். வெள்ளைப் பட்டைக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு, கம்பத்துக்குக் கம்பம் ஒரு நூலைக் கட்டுங்கள் (மாஞ்சா போடாத வெறும் நூலாக இருக்கட்டும், நம் ஊரில் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்). முன்கோட்டுக்கு அப்பால் தரையில் ஒரு செய்தித்தாளை விரியுங்கள். பட்டைக்கும் நூலுக்கும் நடுவே நுழைந்து தாளின் மேல் விழுவதுதான் கணக்கு. நாளைக்கு நூறு சர்வீஸ், அதில் எத்தனை நுழைந்தன என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்தில் முப்பதுகூடத் தேறாது. எண்பது தேறும் வரை ஸ்மாஷ் பயிற்சியை நீட்டிக்க நான் விடுவதில்லை, அதற்காகப் பெற்றோரிடம் திட்டும் வாங்கியிருக்கிறேன். இரட்டையரில் பல புள்ளிகள் சர்வீஸ், அதை எடுப்பது, அதற்கடுத்த மூன்றாவது அடி ஆகியவற்றுக்குள்ளேயே திசைதிரும்பிவிடுகின்றன. ஸ்மாஷ் அடிக்கும் வாய்ப்பே அந்த மூன்று அடிகள் சம்பாதித்துத் தருவதுதான்.

தெருவில் வரும் பிடிப்பழக்கத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். தோசைத்திருப்பியைப் பிடிப்பதுபோல மட்டையைப் பிடிக்கும் பழக்கத்தைப் பயிற்சியாளர்கள் முழுக்கக் களைந்தெறியச் சொல்வார்கள். பின்களத்திலும் தடுப்பாட்டத்திலும் அந்தப் பிடி உதவாது என்பது உண்மைதான். ஆனால் முன்வலையில் உயர்ந்து வரும் ஷட்டிலைச் சட்டென்று தட்டி இறக்க ஏறக்குறைய அதே பிடிதான் வேண்டும். ஆகவே அதை மறக்கடிக்காமல், எந்த இடத்தில் எந்தப் பிடி என்று விரல்களை மாற்றிக்கொள்ளப் பழக்குவதே நல்லது.

கூட்டாளி

தாக்கும்போது ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும், தடுக்கும்போது இருவரும் பக்கவாட்டில் என்பது அடிப்படை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் அந்த அரை நொடியில்தான் ஜோடியின் தரம் தெரியும். நடுவில் வரும் ஷட்டிலை யார் எடுப்பது என்பதை ஆடும்போது தீர்மானிக்க முடியாது; முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். ஷட்டில் எந்த மூலையிலிருந்து வருகிறதோ, அதற்குக் குறுக்கே நிற்பவர் நடுவைக் காக்க வேண்டும் என்பது பலரும் பின்பற்றும் ஒழுங்கு.

கூப்பிடும் சொல்லிலும் கவனம் வேண்டும். எங்கள் பிள்ளைகள் இருவர் "நான்", "நீ" என்று கத்திக்கொண்டு ஆடினார்கள். தகரக் கூரைக்குக் கீழே, நான்கு களங்களிலும் ஆட்டம் நடக்கும்போது, இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் எது எதுவென்று காதில் விழவில்லை. மட்டையும் மட்டையும் மோதி ஒன்று உடைந்த பிறகு, "எனக்கு", "வுடு" என்று மாற்றினோம். எழுத்தும் ஓசையும் வேறாக இருக்கும் எந்த இரு சொற்களும் போதும்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் திறமை மட்டும் அளவுகோல் அல்ல. ஆந்திரத்தின் அமலாபுரத்தைச் சேர்ந்த சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டியையும் மும்பையைச் சேர்ந்த சிராக் ஷெட்டியையும் மலேசியப் பயிற்சியாளர் டான் கிம் ஹெர் ஜோடி சேர்த்தபோது, இருவருமே பின்களத்திலிருந்து ஓங்கி அடிப்பவர்கள், தாய்மொழியும் வேறு. முன்வலைப் பொறுப்பை இருவரில் ஒருவர் கூடுதலாக ஏற்க வேண்டியிருந்தது, சிராக் அதை ஏற்றார். 2022இல் ஆண்கள் அணிகளுக்கான உலகப் போட்டியான தாமஸ் கோப்பையை வென்ற இந்திய அணியில் இருந்த இந்த ஜோடி, 2023இல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்று, அதே ஆண்டு அக்டோபரில் உலகத் தரவரிசையில் முதலிடத்தையும் பிடித்தது. தனக்குப் பிடித்த இடத்தை விட்டுக்கொடுக்க ஒருவராவது முன்வராத ஜோடி, எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஓரளவுக்கு மேல் ஏறாது என்பதே என் அனுபவம்.

உலகத் தரவரிசையில் இரட்டையருக்கான இடம் ஜோடிக்கு உரியது. முந்தைய 52 வாரங்களில் அந்த ஜோடி பெற்ற சிறந்த பத்து முடிவுகளின் புள்ளிகளைக் கூட்டி அது கணக்கிடப்படுகிறது. கூட்டாளி பிரிந்தால் சேர்த்து வைத்த இடமும் போய்விடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, பிரிவைப் பற்றி நல்ல நாளிலேயே பேசிவிடுங்கள். நான் ஆடிய காலத்தில் என் கூட்டாளிக்கு வேறு மாநிலத்தில் வேலை கிடைத்தது. மூன்று போட்டிகளுக்கு நுழைவுக் கட்டணம் கட்டி, ரயில் டிக்கெட்டும் எடுத்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அவர்மேல் குற்றமில்லை, வீட்டு நிலைமை அப்படி. ஆனால் அந்தப் பருவம் முழுவதும் எனக்குப் பாழாகியது. யார் எவ்வளவு செலவு செய்வது, பரிசுப் பணத்தைப் பிரிப்பது எப்படி, விலகுவதென்றால் எத்தனை மாதம் முன்பே சொல்வது என்பவற்றை ஒரு தாளில் எழுதி இரு வீட்டாரும் வைத்துக்கொள்வது அவநம்பிக்கை ஆகாது.

கூட்டாளி மாறியே ஆக வேண்டிய நிலை வந்தால் இடிந்துபோகவும் வேண்டாம். இந்தோனேசியாவின் ஹென்ட்ரா செட்டியவான், மார்கிஸ் கிடோவுடன் 2008இல் ஒலிம்பிக் தங்கம் வென்றார். பின்னர் முகமது அஹ்சானுடன் சேர்ந்து மூன்று முறை உலகச் சாம்பியன் ஆனார். அதில் கடைசிப் பட்டத்தை 2019இல், தமது 35ஆவது பிறந்தநாளன்று வென்றார். இரட்டையர் ஆட்டக்காரரின் தொழில் வாழ்க்கை ஒற்றையரைவிட நீளக்கூடியது என்று வீட்டில் சொல்லிப் புரியவைக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஷட்டில், வெக்கை, உடம்பு

மாதவரம், கொளத்தூர்ப் பக்கம் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் உள்ளரங்குகள் பல, தகரக் கூரை போட்ட கூடங்கள். சித்திரை வைகாசியில் உள்ளே காற்று சூடேறி லேசாகிவிடுவதால் ஷட்டில் வழக்கத்தைவிட வேகமாகப் பறக்கும். ஷட்டில் அடைத்து வரும் குழலின் மேல் 76, 77 என்று அச்சிட்டிருக்கும் எண், வேகத்தின் அளவு. வெக்கை கூடக்கூடச் சிறிய எண்ணை வாங்குங்கள். சோதிக்கும் முறை எளிது. கடைசிக் கோட்டில் நின்று, பக்கக் கோட்டுக்கு இணையாகக் கீழிருந்து மேலாக முழு வலுவுடன் அடித்தால், எதிர்ப்பக்கக் கடைசிக் கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் முன்பாக விழ வேண்டும். அதைத் தாண்டி விழும் ஷட்டிலில் பழகினால் கையின் கணக்கு கெட்டுவிடும். செலவுக்கு அஞ்சி நைலான் ஷட்டிலில் ஆடுவோர், தாக்குதலை அதில் பழகினாலும், சர்வீஸையும் வலையோர ஆட்டத்தையுமாவது இறகு ஷட்டிலில் பழக வேண்டும். பதினாறு இறகில் ஒன்றிரண்டு முறிந்த பழைய ஷட்டில்கள் சர்வீஸ் பயிற்சிக்குத் தாராளமாகப் போதும், அகாடமிகளில் கேட்டால் கொடுப்பார்கள்.

முன்வலையில் நிற்பவருக்குக் கண்ணில் அடிபடும் ஆபத்து உண்டு. பின்னால் நிற்கும் கூட்டாளி அடித்த ஷட்டிலே தாக்குவதும் நடக்கும். பயிற்சியின்போது விளையாட்டுக்கான பாதுகாப்புக் கண்ணாடி அணியச் சொல்லுங்கள், கூச்சம் ஒரு வாரத்தில் போய்விடும். முன்வலையில் நிற்பவர் திரும்பிப் பார்க்கவே கூடாது என்பதை முதல் நாளிலிருந்தே பழக்குங்கள். சளி மருந்தோ புரதப் பொடியோ, எதையும் ஊக்கமருந்துத் தடைப்பட்டியலோடு ஒப்பிடாமல் வாயில் போட வேண்டாம்.

போட்டிகளும் பணமும்

மாவட்டம், மாநிலம், தேசியம் என்ற வரிசையில் 13, 15, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் பிரிவுகள் உள்ளன. வடசென்னையில் இதற்கொரு சிக்கல் உண்டு. திருவொற்றியூர், மணலி, மாதவரம் பகுதிகள் 2018இல்தான் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்தன. பழைய சான்றிதழ்களில் ஒரு மாவட்டமும் ஆதாரில் இன்னொரு மாவட்டமும் இருந்தால், பதிவு செய்யும் நேரத்தில் அலைய நேரிடும். சீசன் தொடங்கும் முன்பே சரிசெய்துவிடுங்கள்.

பன்னாட்டுப் போட்டிகளில் ஃபியூச்சர் சீரிஸ், இன்டர்நேஷனல் சீரிஸ், இன்டர்நேஷனல் சேலஞ்ச் என்று ஏறி, சூப்பர் 100, 300, 500, 750, 1000 என்ற உலகச் சுற்றுக்குப் போக வேண்டும். குவாஹாட்டி, கட்டாக் போன்ற ஊர்களில் சூப்பர் 100 போட்டிகளும், லக்னோவில் சூப்பர் 300 போட்டியும் நடந்திருக்கின்றன. விசா செலவில்லாமல் புள்ளி சேர்க்க இவையே முதல் குறி.

பரிசுப் பணத்தை நம்பிக் குடும்பக் கணக்குப் போடக் கூடாது. 2023 இந்திய ஓபன் சூப்பர் 750 போட்டியின் மொத்தப் பரிசு 9 லட்சம் டாலர். ஒற்றையர் வெற்றியாளருக்கு 63,000 டாலர் கிடைத்தது. இரட்டையர் ஜோடிக்குக் கிடைத்த 66,600 டாலரைப் பிரித்தால் ஆளுக்கு 33,300 தான். அதுவும் முதலிடத்துக்கு. கீழ்மட்டப் போட்டிகளில் முதல் சுற்றில் தோற்றால் கைக்காசுதான் கரையும். ஆகவே தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஊக்கத்தொகைத் திட்டங்களுக்கு ஆண்டுதோறும் விண்ணப்பியுங்கள். மாநில அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீட்டையும் கவனத்தில் வையுங்கள்.

நம் வாசலிலேயே இருக்கும் வழி, பெரம்பூர் ஐ.சி.எஃப். (ரயில்பெட்டித் தொழிற்சாலை) உட்பட ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை. மாதச் சம்பளமும், போட்டிக்குப் போக விடுப்பும் கிடைக்கும். அறிவிப்பு வந்தால், இறகுப்பந்துக்கு இடம் உண்டா, இரட்டையரில் பெற்ற பதக்கத்தை எந்தப் போட்டிவரை ஏற்கிறார்கள் என்ற இரண்டையும் வரிக்கு வரி படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். திடல் தேர்வுக்கு உங்கள் கூட்டாளி வரமாட்டார், முன்பின் அறியாத ஒருவரை ஜோடி சேர்த்து ஆடச் சொல்லவும் கூடும். எங்கள் பிள்ளைகளை ஞாயிறு காலைகளில் வாடகைக் களங்களுக்கு அனுப்பி, அலுவலகம் போகிறவர்கள், கடைக்காரர்கள், ஓய்வுபெற்றவர்கள் என்று யார் கிடைத்தாலும் சேர்ந்து ஆடச் சொல்வது இதற்காகத்தான். முதல் ஆட்டத்தின் முதல் ஐந்து புள்ளிகளுக்குள், அந்தப் புதியவர் முன்வலைக்குப் போவாரா மாட்டாரா என்பதைக் கண்டுபிடித்து என்னிடம் வந்து சொல்ல வேண்டும்.