பள்ளிக்குள்ளேயே ஆசிரியர் பயிற்சி: எங்கே தொடங்குவது?

வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்து, நாள் முழுக்கப் பேசவைத்து, வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கிவிட்டால் ஆசிரியர் பயிற்சி முடிந்தது என்று பல பள்ளிகள் நினைக்கின்றன. பயிற்சிப் பொறுப்பில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த நேரத்தை வாரம் ஒரு பாடவேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அதுவும் பள்ளி நேரத்துக்குள். விடுமுறை நாளில் கூப்பிட்டால் ஆள் வருவார், மனம் வராது.

முதல் கூட்டத்துக்குத் தலைப்பு தேட வேண்டாம். மாணவர்களின் கணக்கு நோட்டுகளை மேசையில் பரப்புங்கள். எங்காவது 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருக்கும். இதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிடக் கூடாது. தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டலாம் என்று அந்தப் பிள்ளை தானாகவே ஒரு விதி வகுத்துக்கொண்டிருக்கிறது. அரையோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிய பிறகு விடை அரையைவிடக் குறைந்திருக்கிறதே, அதை அந்தப் பிள்ளையே கண்டுகொள்ள என்ன கேட்கலாம்? ஆசிரியர்கள் இதைப் பற்றி வாதாடத் தொடங்கினால் போதும், பயிற்சி நடக்கிறது என்று பொருள்.

அடுத்து, ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான் பரிந்துரைப்பது காத்திருத்தல். கேள்வி கேட்ட பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் கண்டறிந்தார். அது 3 விநாடியானபோது பதில்கள் நீண்டன. வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். செலவில்லாத மாற்றம், ஆனால் சொல்லிக் கொடுத்தால் மட்டும் வராது. சக ஆசிரியர் ஒருவர் பின்வரிசையில் கால்மணி நேரம் அமர்ந்து, ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் எத்தனை விநாடி அமைதி நிலவியது என்பதை மட்டும் குறிக்கட்டும். கையெழுத்து, கரும்பலகை, சேலை மடிப்பு எதைப் பற்றியும் பேச்சு வேண்டாம்.

இதில் நான் விட்டுக்கொடுக்காத விஷயம் ஒன்று உண்டு. அந்தக் குறிப்புத் தாள் பாடம் நடத்தியவருக்கே சொந்தம். அது தலைமை ஆசிரியரின் கோப்புக்கோ ஆண்டு மதிப்பீட்டுக்கோ போனால், மறுவாரமே எல்லோரும் ஒத்திகை பார்த்த பாடத்தைத்தான் நடத்துவார்கள். தலைமை ஆசிரியர் முதலில் தன் வகுப்பின் கதவைத் திறந்து வைப்பது நல்லது. பார்வையிடப் போகும் ஆசிரியரின் வகுப்பையும் அவரே கவனித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பழகிய பிறகு ஜப்பானியப் பள்ளிகளின் பாட ஆய்வு முறைக்குப் போகலாம்: சிலர் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட, ஒருவர் நடத்த, மற்றவர்கள் ஆசிரியரை விட்டு மாணவர்களைக் கவனித்து, பிறகு பாடத்தைத் திருத்துகிறார்கள்.

“பயிற்சி பிடித்ததா?” என்ற படிவத்தை நம்பாதீர்கள். இரண்டு மாதம் கழித்து வகுப்புக்குள் போய்ப் பாருங்கள். பழக்கம் ஒட்டவில்லை என்றால், திட்டமிட நேரம் கொடுத்தோமா, பாடப்பகுதியை முடிக்கச் சொல்லி நாமே விரட்டினோமா என்பதை முதலில் விசாரியுங்கள். ஆசிரியரிடம் கேட்பது அதற்குப் பிறகு.